கீழ் பல்செட்டைப் பிடித்து வைக்கும் மினி இம்ப்ளான்ட்: அது என்ன செய்யும், என்ன செய்யாது

பல்செட் போட்டவர்களிடம் பேசிப் பாருங்கள், மேல் செட்டைப் பற்றி அதிகம் குறை சொல்ல மாட்டார்கள். முதலில் குமட்டியது, பேச்சு குழறியது, ஒரு மாதத்தில் பழகிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். கீழ் செட் என்று ஆரம்பித்தால்தான் கதை நீளும். சாப்பிடும்போது மிதக்கிறது, கொட்டாவி விட்டால் தூக்குகிறது, அடியில் ஒரு தக்காளி விதை போனால் போதும், உயிர் போகிறது. எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் மேல் செட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கீழ் செட்டைத் தண்ணீர் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் அது வெளியே வரும், பந்தியில் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டைக்குள் போய்விடும்.

இந்தக் கீழ் செட்டுக்காகத்தான் முக்கியமாக மினி இம்ப்ளான்ட் என்ற ஒன்று புழக்கத்துக்கு வந்தது. பார்க்க ஒரு மெல்லிய திருகாணிதான். டைட்டானியம் கலவையில் செய்தது, குறுக்களவு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, பல வகைகள் 2 மி.மீ.யை ஒட்டியே இருக்கும், நீளம் பெரும்பாலும் 10 முதல் 18 மி.மீ. வரை. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இப்படி நான்கைத் திருகிவிடுவார்கள். திருகின் தலை ஒரு சின்ன உருண்டையாக ஈறுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பல்செட்டின் அடிப்பக்கத்தில் அதே இடங்களில் நான்கு குட்டி உலோகக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர் வளையம். செட்டை வைத்து அழுத்தினால் சட்டையில் பிரஸ் பட்டன் விழுவது போல டக்கென்று உட்காரும், விரலால் தூக்கினால் கழன்று வரும்.

இம்ப்ளான்ட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே கழற்ற வேண்டாத நிரந்தரப் பல் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இது அது இல்லை. பல்செட் பல்செட்டாகவேதான் இருக்கும், தினமும் கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது: மினி இம்ப்ளான்ட் கொடுப்பது பிடிமானம், செட் மேலே எழும்பாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்துக்கொள்ளும். மெல்லும்போது கீழ்நோக்கி விழுகிற பாரத்தைத் தாங்குவது முன்பு போலவே பெரும்பாலும் ஈறும் அதற்கடியில் இருக்கும் எலும்பும்தான். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மருத்துவர் சொல்கிற மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சரி, கீழ் செட் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? மேல் செட் அண்ணத்தை முழுக்க மூடுகிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொண்டு பிரியாமல் நிற்கும் அல்லவா, அதே வேலையை அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவில் மெல்லிய எச்சில் படலம் செய்கிறது. ஓரம் முழுக்க ஈறோடு பொருந்தியிருந்தால் காற்று உள்ளே புக வழியில்லை. கீழ் செட்டுக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. அது வெறும் லாட வடிவம், நடுவில் நாக்கு இருக்கிறது. பல்லில்லாத மேல்தாடையில் செட் உட்காரக் கிடைக்கும் பரப்பு சராசரியாக 23 சதுர செ.மீ. என்றால் கீழ்த்தாடையில் சுமார் 12 தான். சொந்தப் பற்கள் இருந்த காலத்தில் ஒரு தாடையின் பல்வேர்களைச் சுற்றி எலும்போடு கட்டியிருந்த நார்த்திசுவின் பரப்பு மட்டுமே ஏறக்குறைய 45 சதுர செ.மீ. அந்த வேலையை இந்த 12 எப்படிச் செய்யும்? போதாததற்கு நாக்கு உள்ளிருந்து தள்ளுகிறது, கன்னமும் உதடும் வெளியிலிருந்து தள்ளுகின்றன, வாயின் தரை ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மேலே எழும்புகிறது.

அதைவிடப் பெரிய பிரச்சினை எலும்பு கரைவது. பல் இருக்கும்வரை அதன் வேர் ஒவ்வொரு கடியிலும் தாடை எலும்புக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும், அந்த வேலை இருப்பதால்தான் எலும்பும் இருக்கிறது. பல்லைப் பிடுங்கியதும் எலும்பு கரைய ஆரம்பிக்கிறது, முதல் வருடத்தில் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்பதே இல்லை. பல்செட் போட்டவர்களை 25 வருடம்வரை தொடர்ந்து கவனித்து டால்கிரன் என்ற ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அதன்படி கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகக் கரைகிறது. பல் எடுத்த புதிதில் மேடாக இருந்த ஈறு பதினைந்து வருடத்தில் தட்டையாகி, சிலருக்குப் பள்ளமாகவே ஆகிவிடும். பத்து வருடத்துக்கு முன்னால் செய்த செட் இப்போது ஆடுகிறது என்றால் செட்டில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை, அடியில் இருந்த தரை இறங்கிவிட்டது.

செட்டை நிற்க வைக்கும் போராட்டம் பழையதுதான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் பதவியேற்றபோது அவர் வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். அவருடைய செட்டுகளில் மேலையும் கீழையும் ஸ்பிரிங் வைத்து இணைத்திருந்தார்கள், இரண்டும் எதிரெதிராகத் தள்ளி ஈறோடு அழுந்தி நிற்கும். வாயை மூடி வைத்திருக்கவே அந்த மனிதர் தாடையை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது! மரப்பல் என்று சொல்வது கட்டுக்கதை, தந்தம், உலோகம், மனிதப் பல், மாட்டுப் பல் எல்லாம் சேர்த்துச் செய்தவை அவை.

இப்போது மருந்துக் கடையில் கிடைப்பது ஒட்டுப் பசை. தாற்காலிகத்துக்குப் பரவாயில்லை. ஆனால் ஆடுகிற செட்டை நிறுத்த நாளுக்கு நாள் பசையைக் கூட்டிக்கொண்டே போனால் அது தீர்வாகாது, ஈறு அடியில் கெட்டுக்கொண்டே போவது தெரியாமல் போய்விடும். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அளவுக்கு மீறிப் பூசியவர்களுக்கு உடம்பில் தாமிரச் சத்து குறைந்து கை கால் மரத்துப்போன சம்பவங்கள் பதிவாகி, 2010-இல் ஒரு பெரிய நிறுவனம் துத்தநாகம் கலந்த பசையை நிறுத்தியதும் உண்டு. அதனால் பசை வாங்கினால் துத்தநாகம் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள்.

இம்ப்ளான்ட்டின் கதை ஸ்வீடனில் ஒரு முயலின் காலில் ஆரம்பிக்கிறது. பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1952-வாக்கில் லண்ட் நகரில் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, டைட்டானியத்தில் செய்த ஒரு சின்னக் கருவியை முயலின் எலும்பில் பொருத்தியிருந்தார். ஆராய்ச்சி முடிந்ததும் திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இந்த ஒட்டுதல்தான் இன்றைக்கு உலகத்தில் போடுகிற எல்லாப் பல் இம்ப்ளான்ட்டுக்கும் அடிப்படை. 1965-இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்தார், லார்சன் 2006-இல் இறக்கும்வரை அது வேலை செய்தது.

அந்த வழியில் வந்த சாதாரண இம்ப்ளான்ட் சுமார் 4 மி.மீ. குறுக்களவு கொண்டது. பல்செட்டைப் பிடிக்க அதில் இரண்டே போதும். 2002-இல் கனடாவின் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு வெறும் பல்செட்டை முதல் தேர்வாக இனி வைக்கக் கூடாது, இரண்டு இம்ப்ளான்ட் மேல் நிற்கும் செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றே அறிக்கை விட்டார்கள். நம் ஊரில் பெரும்பாலான பெரியவர்களிடம் அப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியென்றால் எல்லோருக்கும் அந்த இரண்டையே வைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். 4 மி.மீ. திருகைச் சுற்றிலும் எலும்பு இருக்க வேண்டும் என்றால் எலும்பு மேடு ஏறக்குறைய 6 மி.மீ. அகலமாவது வேண்டும். பல வருடமாகப் பல்லில்லாத தாடையில் எலும்பு பக்கவாட்டில் கரைந்து கத்தி முனை மாதிரி மெலிந்திருக்கும். அதில் வைக்க வேண்டுமானால் முதலில் எலும்பு ஒட்டுச் சிகிச்சை, அது பிடிக்க மாதக்கணக்கில் காத்திருப்பு, அப்புறம் ஈறை அறுத்துத் திறந்து இம்ப்ளான்ட், தையல், மறுபடி சில மாதம் காத்திருப்பு. எழுபத்தைந்து வயது அம்மாவை, சர்க்கரையும் பிரஷரும் உள்ளவரை, இத்தனைக்கும் கூட்டிக்கொண்டு அலைய யாருக்கும் மனம் வராது, அவரும் வர மாட்டார்.

இந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்ததுதான் மினி. நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் சென்டாக்ஸ் என்ற பல் மருத்துவர் இதற்கு வடிவம் கொடுத்தவர். ஆரம்பத்தில் இது தாற்காலிகப் பொருளாகவே கருதப்பட்டது: பெரிய இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டும்வரை தற்காலிகச் செட்டைத் தாங்கிப் பிடிக்க, வேலை முடிந்ததும் கழற்றிப் போட. கழற்றப் போனால் இதுவும் எலும்போடு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் நீண்டகாலப் பயன்பாட்டுக்கே அனுமதி கிடைத்து, ஊர் ஊராகப் பரவிவிட்டது.

இனி நாற்காலியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் எக்ஸ்ரே. தாடை முழுக்கத் தெரிகிற ஓபிஜி படம் எல்லா இடத்திலும் எடுப்பார்கள், அதில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. அகலம் தெரிய சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். மினி வைக்கிறவர்களுக்கு எலும்பு மெலிந்திருப்பதுதான் வழக்கம் என்பதால் இந்த ஸ்கேனைத் தவிர்ப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

பிறகு இடம் குறிப்பார்கள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் முன்கடைவாய்ப்பல் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு துவாரம் வழியாக நரம்பு வெளியே வருகிறது, கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். நான்கு மினியும் இந்த இரண்டு துவாரங்களுக்கும் நடுவில், நரம்பிலிருந்து தள்ளியே வர வேண்டும். நல்லவேளையாகத் தாடையின் முன்பக்க எலும்புதான் எல்லாம் கரைந்த பிறகும் கெட்டியாக மிஞ்சுவது. பல் மருத்துவப் பேனாவால் ஈறில் நான்கு புள்ளி வைப்பார்கள். அந்தந்த இடத்தில் மரத்துப்போக ஊசி. பெரும்பாலும் ஈறை அறுப்பதில்லை. ஒரு மி.மீ.யைவிடச் சற்றே பருத்த துளைப்பானை ஈறு வழியாகவே எலும்புக்குள் இறக்குவார்கள், சூடேறாமல் இருக்க உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இம்ப்ளான்ட்டின் முழு நீளத்துக்கும் துளை போட மாட்டார்கள், பாதி அல்லது அதற்கும் குறைவாகத்தான். மீதியைத் திருகே மரையால் எலும்பை அமுக்கிக்கொண்டு தானாக இறங்கிப் பிடிக்கும்.

திருகை முதலில் விரலால் சுற்றுவார்கள். அது இறுகியதும் இறக்கை வைத்த ஒரு சாவி, அதற்குப் பிறகு ராட்செட் ஸ்பேனர் மாதிரி ஒரு கருவி. கொஞ்சம் சுற்றுவது, நிறுத்துவது, மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டால் எலும்பு வெடிக்கும் அல்லது மெல்லிய திருகு முறியும். வலி தெரியாது, ஆனால் தாடையே இறுகுவது போன்ற அழுத்தம் தெரியும் என்று போட்டவர்கள் சொல்வார்கள். அந்த ராட்செட்டில் எவ்வளவு விசையில் திருகு இறுகி நிற்கிறது என்று அளவு காட்டும். 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்பது பலரும் பின்பற்றுகிற கணக்கு. நான்கும் அதை எட்டினால் அன்றைக்கே செட்டை மாட்டிவிடலாம். எட்டவில்லை என்றால் செட்டின் அடியில் மெத்தென்ற பொருளை நிரப்பி அனுப்பிவிட்டு, சில மாதம் கழித்துக் கிண்ணம் வைப்பார்கள். திருகு எலும்புக்குள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தால் அதைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும், அப்புறம் அது பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கே முறுக்கு கடிக்கலாம் என்கிற மாதிரி விளம்பரங்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

திருகு வைப்பது பாதி வேலைதான், மீதிப் பாதி செட்டில். உருண்டைத் தலைகள் வரும் இடங்களில் செட்டின் உட்புறத்தைக் குடைந்து, உலோகக் கிண்ணங்களை உருண்டைகளின் மேல் மாட்டி, குடைந்த பள்ளத்தில் தானாக இறுகும் அக்ரிலிக் கலவையை நிரப்பி, செட்டை வாயில் வைத்து மெதுவாகக் கடிக்கச் சொல்வார்கள். சில நிமிடங்களில் கலவை இறுகிக் கிண்ணங்கள் செட்டோடு ஒட்டிவிடும். இதில் கை தேர்ச்சி தேவை. உருண்டைக்குக் கீழே ஈறை ஒட்டிய இடுக்கில் கலவை வழிந்து இறுகிவிட்டால் செட் வாயிலேயே மாட்டிக்கொள்ளும், அதனால் அந்த இடுக்கை முன்கூட்டியே ஒரு சின்ன ரப்பர் துண்டால் அடைத்துவிடுவார்கள். கிண்ணம் வைத்த இடத்தில் அக்ரிலிக் மெலிந்துபோவதால் செட் அங்கேதான் பிற்பாடு விரிசல் விடும். கடிக்கிற வேகம் உள்ளவர்களுக்கு உள்ளே உலோக வலை வைத்துப் புதிதாகச் செய்வது நல்லது.

செலவும் வேலையும் கெட்டுப்போவது பெரும்பாலும் செட் விஷயத்தில்தான். பழைய செட் நன்றாகப் பொருந்தினால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் பொருந்தாத செட்டை நிறுத்துவதற்காக மினி போடுவது தப்பான வரிசை. முன்பே சொன்ன பிடிமானம், தாங்கல் இரண்டையும் இங்கே நினைத்துப் பாருங்கள். ஈறில் சரியாக உட்காராத செட், மெல்லும் பாரத்தை ஈறுக்குக் கொடுக்காமல் அந்த நான்கு மெல்லிய திருகுகளின் மேலேயே கொண்டுபோய்ப் போடும். ஒரு உருளைக் கம்பி வளையாமல் தாங்குகிற வலு அதன் குறுக்களவின் முப்படிக்கு ஏற்ப மாறும். 4 மி.மீ. கம்பியைப் பாதியாக்கி 2 மி.மீ. ஆக்கினால் வலுவும் பாதி ஆகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டுக்குப் பதில் நான்கு வைப்பது இதனால்தான், பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மினி வேண்டாம் என்பதும் இதனால்தான். அதனால் முதலில் நல்ல செட், மேல் கீழ் இரண்டும் சரியாகக் கடிபடுகிற செட். அது செய்து சில வாரம் போட்டுப் பார்த்தபின் இம்ப்ளான்ட் தேவையில்லை என்றே சிலருக்குத் தோன்றிவிடும், அதுவும் லாபம்தானே.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். ஈறைத் திறக்காமல் துளைப்பதால் வீக்கம் குறைவு, தையல் இல்லை, மறுநாளே சாதாரணமாக நடமாடலாம், எல்லாம் உண்மை. ஆனால் மருத்துவரும் எலும்பைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் யோசியுங்கள். கீழ்த்தாடை எலும்பு நாக்குப் பக்கத்தில் உள்வாங்கிக் குழிந்திருக்கும். மேலிருந்து நேராக இறக்குவதாக நினைத்து இறக்கும் துளைப்பான் அந்தப் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வாயின் தரைக்குள் போய்விட்டால் அங்கே இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அங்கே இரத்தம் கசிந்து தேங்கினால் நாக்கை மேலே தள்ளி மூச்சை அடைக்கும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் அது ஆஸ்பத்திரி அவசரம். இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் நாக்குக்கு அடியில் வீங்கிக்கொண்டே வந்தால், விழுங்கவோ பேசவோ சிரமமானால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள், உடனே கிளம்புங்கள். மரத்துப்போகும் ஊசியின் நேரம் முடிந்தும் கீழ் உதடும் முகவாயும் மரத்தபடியே இருந்தால் அதையும் அன்றைக்கே சொல்ல வேண்டும், நரம்பை அழுத்துகிற திருகைச் சீக்கிரம் எடுத்தால்தான் பலன்.

யாருக்கு வேண்டாம் அல்லது யோசிக்க வேண்டும்? சர்க்கரை இருக்கிறது என்பதாலேயே முடியாது என்று இல்லை, மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட், புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்களுக்குப் புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் பாடு. வாய்ப் புற்றுநோய்க்குத் தாடைப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்கள் விசேஷமாகச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொரு விஷயத்தை நம் ஆட்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய் எலும்புக்குப் பரவாமல் இருக்கவோ போடுகிற ஊசி, மாத்திரை. ஜொலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப், அலெண்ட்ரோனேட் என்று பெயர் இருக்கும். வருடத்துக்கு ஒரு ஊசிதானே, அது மருந்துக் கணக்கிலேயே வராது என்று விட்டுவிடுவார்கள். இவற்றை எடுத்தவர்களுக்குத் தாடையில் துளை போட்டால் அந்த எலும்பு ஆறாமல் செத்துப்போகிற ஆபத்து உண்டு, குறிப்பாகப் புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு. இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் வேலைக்காகத் தாங்களே அதை நிறுத்திவிடக் கூடாது, இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். மொத்தத்தில் வீட்டிலிருக்கும் மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்விடுங்கள்.

கை நடுக்கம், பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வேலை செய்யாதவர்கள் விஷயத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும். செட் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறதோ அவ்வளவு கெட்டியாகக் கழற்றவும் வேண்டும். அவரால் ஒற்றைக் கையால் தூக்கி எடுக்க முடிகிறதா என்று மருத்துவர் முன்னாலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கம் குறைந்த வளையம் போட்டுத் தருவார்கள்.

மேல்தாடைக்கு மினி போடலாமா என்றால் போடுகிறார்கள், ஆனால் நான் அதில் அவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டேன். மேல்தாடை எலும்பு கீழ்த்தாடை அளவுக்குக் கெட்டியில்லை, பஞ்சு பஞ்சாக இருக்கும், குறைந்தது ஆறு வேண்டும், அப்படியும் தோற்றுப்போவது கீழ்த்தாடையைவிட அதிகம். அண்ணத்தை மூடாத மேல் செட் கிடைக்கும் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கும் மினியில் அது பெரும்பாலும் கிடைக்காது.

கீழ்த்தாடையிலேயே மினியா, சாதாரண இம்ப்ளான்ட்டா என்பதற்கு ஒரு நேரடி ஒப்பீடு இருக்கிறது. பிரேசிலில் 120 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு நான்கு மினி, ஒரு குழுவுக்கு இரண்டு மினி, ஒரு குழுவுக்கு இரண்டு சாதாரண இம்ப்ளான்ட் வைத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு வருட முடிவில் நிலைத்திருந்த இம்ப்ளான்ட்டுகள் முறையே 89, 82, 99 சதவீதம். சாப்பிடுவது, பேசுவது, மனநிறைவு ஆகியவற்றில் மினி போட்டவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்துவிடவில்லை. அதாவது வாய்க்குள் கிடைக்கும் சுகத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை, விழுந்துபோகிற வாய்ப்பு மினியில் கூடுதல். விழுந்தாலும் துளை சின்னது என்பதால் சீக்கிரம் மூடிவிடும், சில மாதம் கழித்துப் பக்கத்திலேயே வேறு போடலாம். முறிந்து உள்ளே நின்றால்தான் எடுப்பது தலைவலி. எலும்பு போதுமான அகலம் இருந்து, உடம்பும் பணமும் இடம் கொடுத்தால் சாதாரண இம்ப்ளான்ட் இரண்டு, எலும்பு மெலிந்து பெரிய அறுவைக்கு ஆள் தயாரில்லை என்றால் மினி நான்கு, இதுதான் என் கணக்கு. இரண்டு மினி போதும், விலை பாதி என்று யாராவது சொன்னால் மேலே உள்ள 82-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறுவதால் ஒரு தொகை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கேட்க வேண்டியது அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்றுதான். விளம்பரத்தில் போடுவது பல நேரம் ஒரு திருகின் விலை. ஸ்கேன், நான்கு கிண்ணம், புதுச் செட் அல்லது பழையதைச் சரிசெய்வது, முதல் வருடத்தில் வளையம் மாற்றுவது, ஒன்று பிடிக்காமல் போனால் மறுபடி வைப்பது இத்தனையும் சேர்ந்ததா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் செட் மட்டும் நன்றாகச் செய்துகொள்ள நினைப்பவர்களுக்குச் சென்னை பிராட்வே பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் செயற்கைப் பல்லுக்கென்றே தனித்துறை இருக்கிறது. நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், வேலை பொறுமையாக நடக்கும்.

போட்ட பிறகு முதல் ஒன்றிரண்டு நாள் செட்டைக் கழற்ற வேண்டாம் என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். கழற்றினால் ஈறு வீங்கி உருண்டையை மூடிக்கொள்ளும், மறுபடி மாட்டுவது கஷ்டம். அப்புறம் சில வாரம் இட்லி, குழைந்த சாதம், கூட்டு என்று போகட்டும். கடைசிக்கும் கரும்பு கடிக்கிற ஆசையை விட்டுவிடுவது நல்லது. வழக்கம்போல இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள், வெந்நீரில் போட்டால் அக்ரிலிக் கோணிவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் செட்டில் கீறல் விழுந்து அழுக்கு சேரும், சோப்பு நீரும் மெல்லிய பிரஷும் போதும். வாயில் இருக்கும் நான்கு உருண்டைகளையும் தினமும் துலக்க வேண்டும், அதிலும் உருண்டை ஈறைத் தொடுகிற கழுத்துப் பகுதியை. அங்கே அழுக்கு சேர்ந்து ஈறு சிவந்தால் எலும்பும் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும், சொந்தப் பல்லுக்கு நடந்தது மாதிரியே. பல்தான் இல்லையே, துலக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டவர்களுக்கு இந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வீட்டில் உள்ளவர்களுக்குப் பெரும்பாடு.

ரப்பர் வளையம் தேயும் பொருள். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அந்த டக் சத்தம் குறைந்து செட் லூசானால் பயப்பட ஒன்றுமில்லை, வளையம் மாற்ற நாற்காலியில் கொஞ்ச நேரம்தான் ஆகும். திருகு ஒன்றே ஆடினால் அது வேறு, அன்றைக்கே போய்க் காட்டுங்கள், மற்ற மூன்றின் மேல் பாரம் ஏறிவிடும். வளையத்தையும் கிண்ணத்தையும் வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் மாற்ற வேண்டி வந்தால் அவருக்கு உங்கள் வாயில் இருப்பது எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தாக வேண்டும், ஒன்றின் வளையம் மற்றதற்குச் சேராது. கம்பெனிகளும் கைமாறிக்கொண்டே இருக்கும். சென்டாக்ஸ் முறை மினியைத் தயாரித்த ஐஎம்டெக் நிறுவனத்தை 2008-இல் 3எம் வாங்கியது, அப்புறம் 3எம்மும் அந்த வரிசையை விட்டுவிட்டது. இம்ப்ளான்ட் வரும் பெட்டியில் பெயர், அளவு, பேட்ச் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், செல்போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.